வறுக்காத நட் பட்டர் வீட்டில் அரைப்பது எப்படி: வீகன் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாதாம், முந்திரி போன்ற கொட்டைப் பருப்புகளை வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்தால் அதுதான் நட் பட்டர். வறுத்த பருப்பை அந்தப் பதத்துக்குக் கொண்டுவருவது எளிது. வறுக்கும்போதே ஈரம் போய்விடும்; பருப்பு நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்; சூட்டில் எண்ணெயும் இளகி ஓடும். வறுக்காத பருப்பில் இந்த மூன்று உதவியும் கிடையாது. வறுத்த பருப்புக்கான செய்முறையை வைத்துக்கொண்டு பச்சைப் பருப்பை அரைக்க இறங்குபவர்கள், வெகுநேரம் மிக்ஸியை ஓடவிட்டும் ஈர மணல் போன்ற ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். பொறுமை இழந்து ஒரு கரண்டி தண்ணீர் விடுகிறார்கள். அத்தோடு அந்த ஜார் கெட்டது.

இந்த வேலையின் பெரும்பகுதி அரைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பருப்பு உள்வரை உலர்ந்திருந்தால் சாதாரண இயந்திரம்கூட ஒருவழியாக அரைத்துக் கொடுத்துவிடும். உலராத பருப்பை எந்த விலையுயர்ந்த இயந்திரமும் காப்பாற்றாது. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஊறவைத்து உலர்த்துவதாக இருந்தால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஊறவைக்காமல் செய்தால் ஒரு அரை நாள் போதும்.

1. வெப்ப வரம்பையும் யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள்

எவ்வளவு சூடு வரை உணவைப் ‘பச்சை’ என்று கொள்ளலாம் என்று சமைக்காத உணவு உண்பவர்கள் வைத்துக்கொள்ளும் வெப்ப வரம்பு ஆளுக்கு ஆள் மாறும். சிலர் 42 டிகிரி செல்சியஸ் என்பார்கள், சிலர் 48 வரை போவார்கள். வேலைக்கு வசதியானது 45. தெர்மாமீட்டர் ஓரிரு டிகிரி தவறாகக் காட்டினாலும், பிளேடுக்கு அருகில் சூடு சற்றுக் கூடினாலும் இந்த எண்ணில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும்.

வரம்பை விட முக்கியமான கேள்வி, யாருக்காக அரைக்கிறீர்கள் என்பது. பச்சைப் பருப்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். உலர்ந்த, கொழுப்பு மிகுந்த பொருளில் அது வளராது. ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கழுவுவதாலோ, ஊறவைப்பதாலோ, 45 டிகிரியில் உலர்த்துவதாலோ, குளிர்பதனப் பெட்டியில் வைப்பதாலோ அது சாகாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு வறுத்த பருப்பில் செய்வதே சரி. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. ‘பச்சை’ என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதெல்லாம் வெப்பம் படாதது அல்ல. முந்திரியின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. அதை நீக்கி உடைப்பதற்காக முந்திரிக் கொட்டையை ஏறக்குறைய எல்லா ஆலைகளிலும் ஆவியில் வேகவைக்கிறார்கள் அல்லது சூடேற்றுகிறார்கள். கலிபோர்னியாவில் விளைந்து அமெரிக்காவில் விற்கப்படும் பாதாமுக்கு 2007 முதல் கிருமி நீக்கம் கட்டாயம். வெப்ப வரம்பில் மிகவும் கண்டிப்பாக இருப்பவர்கள் வாங்குமுன் விற்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கிருமிக்கு அஞ்சுபவர்களுக்கோ, ஆவியில் கிருமி நீக்கிய பாதாம் ஒரு நல்ல நடுவழி.

2. எந்தப் பருப்பு என்பதை எண்ணெயின் அளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

அரைபடும்போது பருப்பின் செல் சுவர்கள் உடைந்து உள்ளே துளித்துளியாக அடைபட்டிருக்கும் எண்ணெய் வெளியே வருகிறது. அந்த எண்ணெயில் மீதித் துகள்கள் மிதப்பதுதான் நட் பட்டர். எண்ணெய் கூடுதலாக உள்ள பருப்பு சீக்கிரம் இளகும், குறைவாகச் சூடேறும்.

நூறு கிராமில் மக்கடேமியாவில் சுமார் 75 கிராமும், பெக்கானில் 72 கிராமும், வால்நட்டில் 65 கிராமும், ஹேசல்நட்டில் 60 கிராமும் கொழுப்பு இருக்கிறது. பாதாமில் 50 கிராம். முந்திரி, பிஸ்தா இரண்டிலும் சுமார் 45. மக்கடேமியாவும் பெக்கானும் சில நிமிடங்களில் வழியத் தொடங்கிவிடும். முந்திரியில் எண்ணெய் குறைவு என்றாலும் நார் குறைவு, பருப்பும் மென்மையானது. அதனால் தகராறு செய்யாது. பச்சைப் பாதாம்தான் எல்லாவற்றிலும் பிடிவாதக்காரன். பெரும்பாலானவர்கள் அதில் தொடங்கி அதிலேயே கைவிடுவதைப் பார்க்கலாம்.

முதல்முறை செய்பவர்களுக்கு என் யோசனை: 200 கிராம் முந்திரியும் 100 கிராம் பெக்கான் அல்லது மக்கடேமியாவும். பாதாமே வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு மக்கடேமியா கலந்துகொள்ளுங்கள். வால்நட் மட்டும் போட்டால் தோலின் கசப்பு தூக்கலாக இருக்கும். பாதிக்குப் பாதி முந்திரி அதை அடக்கிவிடும்.

பிரேசில் நட் மட்டும் தனியாக அரைக்க வேண்டாம். அதில் செலினியம் என்னும் தாது மிக அதிகம். பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 400 மைக்ரோகிராம்; ஆறேழு பிரேசில் நட்டே அதைத் தாண்டிவிடக்கூடும். கரண்டியில் எடுத்துச் சாப்பிடும் பொருளில் எத்தனை கொட்டை உள்ளே போனது என்ற கணக்கு இருக்காது.

நிலக்கடலையைப் பச்சையாக அரைக்கலாமா என்று கேட்பார்கள். அரைக்கலாம், ஆனால் வறுக்காத கடலையின் பச்சை வாடை போகாது. நான் பரிந்துரைப்பதில்லை.

வீகன்கள் (விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர்கள்) கவனிக்க ஒரு சொல்: உப்போ மசாலாவோ தூவிய பருப்புகளில் ஒட்டுவதற்காக ஜெலட்டின், தேன், பால்பொடி போன்றவை சேர்க்கப்படுவதுண்டு. பொருட்பட்டியலில் பருப்பு என்ற ஒரே சொல் மட்டும் இருக்கும் பாக்கெட்டை எடுங்கள்.

3. கருவிகளை எடுத்துவைத்து, ஈரம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

ஃபுட் பிராசஸர் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். அகன்ற பாத்திரம், மெதுவான சுழற்சி, வழித்துவிட இடம் மூன்றும் அதில் கிடைக்கும். மிக்ஸியிலும் செய்யலாம். ஆனால் அதன் மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவில் ஓடுவது. உராய்வுச் சூடு அரை நிமிடத்திலேயே தெரியத் தொடங்கும். மிக்ஸி என்றால் சிறிய ஜார், ஒரு தடவைக்கு 150 முதல் 200 கிராம், விட்டுவிட்டு ஓட்டுவது என்பதைத் தவிர வேறு வழியில்லை. அதிவேக பிளெண்டர் வைத்திருப்பவர்கள், கலவையைப் பிளேடை நோக்கித் தள்ளும் கட்டை இல்லாமல் இறங்க வேண்டாம்.

இவற்றோடு ஒரு சமையலறைத் தராசும், ஊசி முனை கொண்ட ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே காட்டும். அதுதான் இருக்கிறதென்றால் கலவையைக் கிளறிவிட்டு உடனே அளவெடுங்கள். வளையக்கூடிய ஸ்பாட்டுலா ஒன்றும், கண்ணாடிப் பாட்டில்களும் போதும். உலர்த்த டீஹைட்ரேட்டர் (மிதமான சூட்டுக் காற்றில் உணவை உலர்த்தும் இயந்திரம்) இருந்தால் நிம்மதி.

கருவிகளை முந்தைய இரவே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஜாரின் உட்புறம் துடைத்தால் உலர்ந்துவிடும். ஆனால் மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியிலும், பிளேடு திருகியிருக்கும் அடிப்பகுதியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பள்ளத்தில் கோடாக ஈரம் நிற்கும். ஜார் ஆடும்போது அந்தச் சில துளிகள் கலவையில் இறங்கினால் போதும், வழியும் பதம் வரவே வராது.

4. பருப்பைப் பொறுக்குங்கள்

வெள்ளைத் தட்டில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் நீக்குங்கள். பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை. பச்சையாக உண்ணும்போது இந்தப் பொறுக்கலைத் தவிர வேறு காவல் நம் கையில் இல்லை.

பிறகு சில பருப்புகளை மென்று பாருங்கள். பழைய எண்ணெய், பெயின்ட், அட்டைப்பெட்டி இவற்றில் ஏதாவது ஒன்றின் வாடை வந்தால் அந்தப் பாக்கெட்டையே ஒதுக்கிவிடுங்கள். அரைத்தால் அந்த வாடை இன்னும் கூடும். பாதாமில் ஒன்று மட்டும் கடுங்கசப்பாக இருந்தால் உடனே துப்பிவிடுங்கள். கசப்புப் பாதாமில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. எங்கோ ஒன்று கலந்திருப்பது அரிதாக நடப்பதுதான். பல பருப்புகள் அப்படி இருந்தால் அது உண்ணத் தகுந்த சரக்கே அல்ல.

5. ஊறவைப்பதா, வேண்டாமா?

முதல்முறை என்றால் வேண்டாம் என்பதே என் பதில். ஊறவைத்தால் உலர்த்தியாக வேண்டும், தோல்விகளில் பாதிக்கு மேல் உலர்த்தலில்தான் நடக்கின்றன. ஊறவைத்தால், தாதுச் சத்துகள் உடலில் சேர்வதைக் குறைக்கும் ஃபைட்டிக் அமிலம் பெருமளவு குறையும் என்று சொல்லப்படுவதை நம்பி இதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டாம். முழுப் பருப்பை ஊறவைப்பதால் ஏற்படும் மாற்றம் சொற்பம்தான்.

ஊறவைக்க நல்ல காரணங்கள் இரண்டு உண்டு. தோலின் துவர்ப்பும் கசப்பும் தண்ணீரில் இறங்கும். பாதாமின் தோலை வெந்நீர் இல்லாமலே உரிக்க முடியும். தோல் நீக்கிய பாதாமில் அரைத்தது வெளுப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். இந்த இரண்டில் ஒன்று வேண்டுமென்றால் மட்டும் ஊறவையுங்கள்.

அதற்கு முன் எடையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த படியில் கண்ணைக் கட்டிவிட்டது போல் ஆகிவிடும். பருப்பு மூழ்கி இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்குக் குடிநீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போடுங்கள். பாதாம், ஹேசல்நட் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். வால்நட், பெக்கான் நான்கு முதல் ஆறு. முந்திரி இரண்டு முதல் மூன்று. முந்திரியை இரவு முழுவதும் விட்டால் கொழகொழத்துவிடும். மக்கடேமியாவுக்கு ஊறலே தேவையில்லை. வெயில் நாளென்றால் பாத்திரத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்கும் பருப்பு கிருமிகளுக்கு விருந்து.

ஊறியதும் நன்றாக அலசி, வடிகட்டி, துணியில் உருட்டி மேல் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

6. உள்வரை உலர்த்துங்கள்

அவசரப்படுபவர்கள் சறுக்குவது இங்கேதான். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் பாதாமின் நடுவில் ஈரம் மிச்சமிருக்கும். அரைக்கும்போது அது வெளியே வந்து, மாவுத்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எண்ணெய் பிரிந்து ஓட இடமிருக்காது.

தட்டுகளில் ஒரே அடுக்காக, பருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். டீஹைட்ரேட்டரை 45 டிகிரியில் வைத்தால் ஊறிய பாதாமுக்கு 12 முதல் 24 மணி நேரமும், வால்நட், முந்திரிக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் ஆகும். காற்றில் ஈரப்பதம் கூடிய நாட்களில் இன்னும் நீளும். கடிகாரத்தை நம்பாதீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் மட்டும் காற்றின் வெப்பத்தை 55 முதல் 60 டிகிரி வரை ஏற்றி வைப்பது நல்ல உத்தி. அந்த நேரத்தில் பருப்பின் மேல் ஈரம் வேகமாக ஆவியாகிக்கொண்டிருக்கும். ஆவியாதல் குளிரச் செய்யும் என்பதால் பருப்பின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிடத் தாழ்ந்தே நிற்கும். ஈரமான பருப்பு வெதுவெதுப்பில் கிடக்கும் நேரம் குறைவதால் புளித்துப்போகும் வாய்ப்பும் குறைகிறது. ஒரு மணி நேரம் கழித்து மறக்காமல் 45-க்கு இறக்குங்கள். மேற்பரப்பு காய்ந்தபின் இந்தக் குளிர்ச்சி கிடைக்காது. பருப்பின் சூடு காற்றின் சூட்டை எட்டிவிடும்.

டீஹைட்ரேட்டர் இல்லாதவர்கள் மின் ஓவனைப் பயன்படுத்தலாம். அதன் மிகக் குறைந்த அளவே பெரும்பாலும் 50-ஐத் தாண்டும். கதவில் ஒரு மரக்கரண்டியைச் சொருகித் திறந்துவைத்து, உள்ளே தெர்மாமீட்டரை வைத்து அளந்துகொள்ளுங்கள். குமிழில் எழுதியிருக்கும் எண் உண்மையான வெப்பத்துக்கு நெருக்கமாக இருந்தால் அதிர்ஷ்டம். வெயிலில் காயவைப்பதானால் ஈ, தூசி, இரவின் ஈரம் மூன்றையும் சமாளிக்க வேண்டும். ஊறிய பருப்புக்கு அது வேண்டாம் என்பேன்.

உலர்ந்துவிட்டதா என்பதை எடை சொல்லும். 400 கிராம் பாதாம் ஊறி வடிந்தபின் 500 கிராமைத் தாண்டும். அது திரும்ப 400-க்கு வந்தவுடன் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. ஊறும்போது பருப்பின் சத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போயிருக்கிறது. அப்படியிருந்தும் பழைய எடையே காட்டுகிறது என்றால் அந்த இடத்தில் இருப்பது ஈரம். 390-க்குக் கீழே இறங்கும் வரை விடுங்கள். தோல் உரித்திருந்தால் தோலின் எடையும் போயிருக்கும். 370 அளவுக்கு வர வேண்டும். ஒன்றை ஆறவைத்து உடைத்தும் பாருங்கள்: சட்டென்று ஒலியோடு ஒடிய வேண்டும், வளையக்கூடாது.

சந்தேகம் தீரவில்லையென்றால், ஆறிய பருப்பை மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டுச் சில மணி நேரம் வையுங்கள். கண்ணாடியின் உட்புறம் லேசாக மங்கினாலும் மறுபடி தட்டுக்குத்தான் போக வேண்டும். ஆறுவதற்கு முன் பாட்டிலில் போட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், சூட்டுக்கே மங்கும்.

ஊறவைக்காத பருப்புக்கும் இந்தப் படியை முற்றிலும் விட்டுவிட வேண்டாம். திறந்த பாக்கெட்டில் கிடந்த பருப்பு காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். 45 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்து எடுத்தால் அரைபடும்போது வித்தியாசம் தெரியும்.

7. நிறுத்தி நிறுத்தி அரையுங்கள்

பருப்பு அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். சூடேறாமல் இருக்கட்டும் என்று பருப்பையோ ஜாரையோ உறைநிலைப் பெட்டியில் வைத்து எடுத்து அரைப்பவர்கள் உண்டு. கேட்க அறிவாளித்தனமாகத் தோன்றும், பலன் நேர்மாறு. குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும், குளிர்ந்த எண்ணெய் கெட்டியாகிப் பிரிய மறுக்கும். இரண்டு இழப்பு.

இரண்டு லிட்டர் அளவுள்ள ஃபுட் பிராசஸருக்கு 300 கிராம் போடுங்கள். குறைத்தால் பிளேடுக்கு எட்டாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கூட்டினால் மோட்டார் திணறும்.

முதலில் பெருத்த சத்தத்தோடு பருப்பு உடைந்து ரவையாகும். பிறகு சத்தம் தணிந்து சீறல் மாதிரி கேட்கும், அது மாவு. இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சுவரிலும் அடிமூலையிலும் ஒட்டியதை வழித்துவிடுங்கள். அடிமூலையில் இறுகிக்கொள்ளும் மாவை விட்டுவிட்டால் கடைசிவரை அது அரைபடாது. முடிந்த பட்டரில் நறநறப்பாக வந்து சேரும்.

தொடர்ந்து ஓட்டும்போது மாவு திரளத் தொடங்கும். சிறு கட்டிகள் சேர்ந்து ஒரே உருண்டையாகி, பாத்திரத்துக்குள் தடதடவென்று மோதிக்கொண்டு சுற்றும். இயந்திரமே நடுங்கும். பாதி பேர் இந்த இடத்தில்தான் ‘கெட்டுவிட்டது’ என்று முடிவுகட்டி, தண்ணீரோ எண்ணெயோ ஊற்றுகிறார்கள். எதுவும் கெடவில்லை. எண்ணெய் வெளியே வந்துவிட்டது என்பதற்கு இந்த உருண்டையே அடையாளம். துகள்களையெல்லாம் நனைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். நிறுத்துங்கள். ஸ்பாட்டுலாவால் உருண்டையை நான்கைந்தாக உடைத்துப் பரப்பிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இதற்குள் சூடு ஏறியிருக்கும். கலவையின் நடுவில் தெர்மாமீட்டரைச் சொருகிப் பாருங்கள். 43 காட்டினால் நிறுத்திவிடுங்கள், 45 வரை காத்திருக்க வேண்டாம். நிறுத்திய பிறகும் பிளேடின் சூடு கலவைக்குள் இறங்கும். மூடியைத் திறந்து வைத்து 35-க்கு இறங்கும் வரை ஆறவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். மூடியைத் திறந்து வைக்கக் காரணம் இருக்கிறது: மூடியே இருந்தால் உள்ளே எழும் ஆவி மூடியில் துளிகளாகக் கோத்து, பட்டரிலேயே சொட்டும். மறுபடி மூடுமுன் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் இருபது, முப்பது வினாடி ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் வழித்துவிட வேண்டும். மோட்டார் பகுதியைத் தொட்டால் சுடுகிறது என்றால் கலவையின் வெப்பம் என்னவாக இருந்தாலும் ஓய்வு கொடுங்கள்.

உருண்டை ஒருகட்டத்தில் தளர்ந்து, பளபளப்பு ஏறி, பிளேடைச் சுற்றி மடிப்பு மடிப்பாகப் புரளும். அங்கிருந்து வேலை விறுவிறுவென்று நடக்கும். முந்திரி, பெக்கான் கலவை இந்த இடத்தை எட்ட ஓட்டம் மட்டும் எட்டுப் பத்து நிமிடம் ஆகலாம். தனிப் பாதாமுக்கு இருபது, இருபத்தைந்து நிமிட ஓட்டம். ஓய்வையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். இதைச் சொல்லாமல் ‘பத்தே நிமிடத்தில்’ என்று எழுதும் செய்முறைகள் வறுத்த பாதாமை மனத்தில் வைத்து எழுதியவை.

நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே கொஞ்சம் வைத்து அழுத்திப் பாருங்கள். மணல் உறுத்தல் இல்லையென்றால் முடிந்தது. ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதால், நீங்கள் விரும்பும் பதத்தைவிடச் சற்று நீர்த்திருக்கும்போதே நிறுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தளரவில்லையென்றால் எண்ணெய் சேர்க்கலாம், தப்பில்லை. ஒவ்வொரு தேக்கரண்டியாக, இளக்கம் தெரியும் வரை. 300 கிராமுக்கு மூன்று தேக்கரண்டிக்கு மேல் தேவைப்பட்டால் பருப்பு உலரவில்லை என்று அர்த்தம். செக்கில் ஆட்டிய, வாசனை குறைந்த எண்ணெயாக இருக்கட்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குளிர்பதனப் பெட்டியில் பட்டரும் கல்லாகிவிடும். எந்த எண்ணெயையும் மாவு நிலையில் ஊற்றாதீர்கள். துகள்கள் பிளேடில் சிக்காமல் வழுக்கி நழுவி, கடைசிவரை நறநறப்பாகவே நிற்கும்.

8. சுவை சேர்ப்பது கடைசியில், அதுவும் உலர்ந்ததாக

உப்பு எண்ணெயில் கரையாது. கல்லுப்பை அப்படியே போட்டால் வாயில் கடிபடும்; பொடியாக நுணுக்கி, 300 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சேருங்கள்.

இனிப்பு வேண்டுமென்றால் உலர்ந்த பேரீச்சம்பழப் பொடி, தென்னஞ்சர்க்கரை போன்றவை சரி. வீகன்கள் தேனைத் தவிர்ப்பார்கள். அதற்குப் பதிலாக மேப்பிள் சிரப்பை ஊற்றுவார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஊற்றிய அரை நிமிடத்தில் வழிந்துகொண்டிருந்த பட்டர் பிசைந்த மாவாக இறுகும். முழுப் பேரீச்சம்பழமும் அப்படியே. வெள்ளைச் சர்க்கரையை எலும்புக் கரியால் வெளுப்பாக்குவது சில நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது; அது உறுத்தினால் வெளுக்காத சர்க்கரையைப் பொடித்துக்கொள்ளுங்கள்.

வனிலாவைக் காயாகவோ பொடியாகவோ சேருங்கள். எசன்ஸ் வேண்டாம், அதிலும் தண்ணீர் உண்டு. கோகோ பொடி இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் எண்ணெயை உறிஞ்சும். ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஈடு கொடுக்க வேண்டியிருக்கும்.

9. கெட்டுப்போனதாகத் தோன்றினால்

திடீரென்று இறுகிவிட்டது: எங்கிருந்தோ தண்ணீர் வந்திருக்கிறது. அதைத் திரும்ப வழியும் பட்டராக்க முயன்று எண்ணெயை வீணாக்க வேண்டாம். எதிர்த்திசையில் போங்கள்: வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு ஓட்டினால் வெளுத்து, க்ரீம் போல் ஆகும். எலுமிச்சையும் உப்பும் சேர்த்தால் சாலட்டுக்கு ஊற்றும் நல்ல சாஸ். அன்று அல்லது மறுநாள் முடித்துவிடுங்கள். தண்ணீர் சேர்ந்த எதுவும் பட்டர்போல் நாள்படத் தாங்காது.

நறநறக்கிறது: ஈரம் மிச்சமா, வழித்துவிடாத மூலையா என்று யோசியுங்கள். ஒரு நாள் மூடிவைத்து, அறை வெப்பத்தில் மறுபடி சில நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

வெப்பம் 50-ஐத் தாண்டிவிட்டது: சுவைக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘பச்சை’ என்று சொல்லிக்கொள்ள முடியாது, சாப்பிடலாம்.

10. பாட்டிலில் அடைத்தல்

பாட்டிலை வெந்நீரில் கழுவி, உள்ளும் மூடியும் முழுக்கக் காய்ந்த பிறகே நிரப்புங்கள். ஒரு பெரிய பாட்டிலைவிட இரண்டு சிறியவை மேல். எண்ணெயைக் கெடுப்பவை காற்றும் வெளிச்சமும் சூடும். சிறிய பாட்டிலை விளிம்புவரை நிரப்பினால் உள்ளே காற்று குறைவு. தட்டி, குமிழிகளை வெளியேற்றி மூடுங்கள். பருப்பின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பெயரை எழுதுவது ஒவ்வாமை உள்ளவர்களுக்காக. முந்திரி பட்டரும் பாதாம் பட்டரும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும்.

குளிர்பதனப் பெட்டியில் பாதாம், முந்திரி பட்டர் இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும். வால்நட், பெக்கான் மூன்று, நான்கு வாரம். வால்நட்டின் கொழுப்பு சீக்கிரம் காறும் வகை. ஊறவைத்து உலர்த்தியதில் சிறு ஐயம் இருந்தாலும் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் கொட்டாதீர்கள், கிளறிச் சேர்த்துவிடுங்கள். கொட்டினால் அடியில் உள்ளது காய்ந்து கட்டியாகும். முதல் சில நாட்கள் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் எண்ணெய் அடிப்பகுதிக்குப் போகும், நிமிர்த்தியபின் கிளறுவது எளிது.

எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்கட்டும். எடுத்தவுடன் மூடி உள்ளே வையுங்கள். குளிர்ந்த பாட்டில் மேசையில் திறந்து கிடந்தால் பட்டரின் மேலேயே ஈரம் வேர்க்கும்.

சத்துக் கணக்கு பார்ப்பவர்களுக்கு: இரண்டு மேசைக்கரண்டி பாதாம் பட்டரில் ஏறக்குறைய 200 கலோரி, 6 முதல் 7 கிராம் புரதம், நூறு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம். வைட்டமின் பி12 கிடையாது, எந்தக் கொட்டையிலும் கிடையாது. அதை மாத்திரையிலோ பி12 சேர்த்த உணவிலோ தேடிக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் கரண்டி நிறையக் கொடுக்காதீர்கள். வறுத்த பருப்பில் செய்ததென்றாலும் தொண்டையில் ஒட்டி மூச்சடைக்கும்.

11. ஜாரில் ஒட்டியதை என்ன செய்வது

எவ்வளவு வழித்தாலும் பிளேடுக்கு அடியில் ஒரு மேசைக்கரண்டியாவது தங்கும். பட்டரைப் பாட்டிலில் அடைத்து மூடிய பிறகு, ஜாரில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் ஓட்டுங்கள். பாலாக வரும், வடிகட்டக்கூடத் தேவையில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அப்போதே குடித்துவிடலாம், அல்லது குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கில் பாதி இந்த ஓட்டத்திலேயே போய்விடும். மீதிக்கு வெந்நீரும் ஒரு துளி சோப்பும் போதும்.